அண்ணி நீட்டிய கை

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் இந்தக் கதையில் நான் இரண்டு இடத்தில் கத்துகிறேன். இரண்டிலும் தப்பு என் மேல்தான்.

நான் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவள். அதிலும் எந்தச் சொல்லோடு எந்தச் சொல் சேரும் என்பது என் தனிப் பாடம். நாம் எடுக்கிற முடிவை அவர்கள் ‘மேக்’ பண்ணுவார்கள். ஓய்வை ‘டேக்’ பண்ணுவார்கள். கவனத்தை ‘பே’ பண்ணுவார்கள். மழை ‘ஹெவி’, காபி ‘ஸ்ட்ராங்’. இரண்டையும் மாற்றிப் போட்டால் யாரும் ஜெயிலுக்கு அனுப்ப மாட்டார்கள், கேட்பவர் மட்டும் ஒரு நொடி முகத்தைச் சுளிப்பார். அந்த ஒரு நொடிச் சுளிப்பை ஒழித்துக்கட்டத்தான் பதினோரு வருடமாக ஒரு பட்டியல் சேர்த்து வைத்திருந்தேன். ஆயிரத்து நானூறு ஜோடிகள், ஏ-யில் தொடங்கி இசட் வரை அகர வரிசையில். வாரத்துக்கு அறுபது என்று ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்பேன், மறுவாரம் ஒப்பிக்கச் சொல்வேன். என் அண்ணன் அதற்குக் கல்யாண லிஸ்ட் என்று பெயர் வைத்திருந்தான்.

அண்ணன் வீட்டில்தான் நான் இருக்கிறேன். அண்ணன் பேருந்து நிலையத்தில் டிக்கெட் கவுன்ட்டரில் வேலை பார்க்கிறான். அண்ணி ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். இருபத்திரண்டு வருடமாக ஒரே மருத்துவமனை, ஒரே தியேட்டர், பெரும்பாலும் ஒரே சர்ஜன். பெரிய டாக்டர் என்று எல்லோரும் சொல்லும் அந்த மனிதர் தன் வலது பக்கத்தில் அண்ணியைத் தவிர வேறு யாரையும் நிற்க விடமாட்டார் என்பது வீட்டில் அண்ணன் அடிக்கடி பெருமை பீற்றிக்கொள்ளும் விஷயம். அண்ணி அதைச் சொல்ல மாட்டார். அண்ணி பொதுவாகவே எதையும் சொல்ல மாட்டார்.

அதுதான் பிரச்சினையாகிவிட்டது. மருத்துவமனைக்குப் புது நிர்வாகம் வந்தது. வந்ததும் முதல் வேலையாக, நோயாளியைத் தொடுகிற ஒவ்வொருவரும் ஆங்கிலத் தேர்வில் பி கிரேடாவது வாங்க வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார்கள். எழுத்திலும் பேச்சிலும். மூன்று வாய்ப்பு. மூன்றிலும் தேறாதவர்களுக்கு நோயாளியைத் தொடாத வேலை கொடுக்கப்படும். அண்ணிக்கு எந்த வேலை என்பதையும் யாரோ பெருந்தன்மையோடு முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். கீழ்த்தளத்தில் துணி ஸ்டோர். போர்வைகளை எண்ணி அலமாரியில் அடுக்குவது.

அண்ணி இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் போய்விட்டது. எழுத்தில் மயிரிழையில், பேச்சில் படுமோசமாக.

“என்னதான் கேட்டாங்க?” என்று அண்ணன் கேட்டான்.

“உங்க வேலையப் பத்திச் சொல்லுங்கன்னு கேட்டாங்க.”

“நீ என்ன சொன்ன?”

“தியேட்டர் நர்ஸ்னு சொன்னேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் அவங்க கேப்பாங்கன்னு நான் காத்துக்கிட்டிருந்தேன். நான் சொல்லுவேன்னு அவங்க காத்துக்கிட்டிருந்தாங்க. ரெண்டு பேரும் மரியாதையா உக்காந்திருந்தோம்.”

அண்ணன் சிரித்தான். அண்ணியும் சிரித்தார். பிறகு துண்டை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனார், தண்ணீர் வெகு நேரம் ஓடியது. அழுதார் என்றுதான் நினைக்கிறேன். இருபத்திரண்டு வருடம் ஒரு வேலையில் நின்ற மனுஷி போர்வை எண்ணப் போகிறார், வீட்டில் ஓர் ஆங்கில டீச்சரை வைத்துக்கொண்டு.

மூன்றாவது தேர்வுக்கு ஏழு வாரம் இருந்தது.

அந்த மருத்துவமனையின் ஊழியர்களுக்கு வகுப்பெடுக்க என்னைத்தான் வைத்திருந்தார்கள். ஐந்தாவது மாடியில் மீட்டிங் ரூம். ஏசியின் ரிமோட் தொலைந்து ஒரு வருடமாகிறது, அறை எப்போதும் பதினெட்டு டிகிரியில் உறைந்து கிடக்கும். எல்லோரும் ஸ்வெட்டரோடு வருவார்கள். வெள்ளைப் பலகையில் முன்பு எவரோ அழியாத பேனாவால் போட்டுவிட்டுப் போன கட்டங்களும் அம்புக்குறிகளும் இருக்கும், அவற்றுக்கு நடுவே கிடைத்த இடத்தில்தான் நான் எழுத வேண்டும். மொத்தம் பதினோரு பேர். எக்ஸ்ரே எடுக்கும் அக்கா, ஆம்புலன்ஸ் ஓட்டுநர், லேப்காரர்கள், வார்டு நர்ஸுகள், ஓரத்து நாற்காலியில் என் அண்ணி. வகுப்பில் அண்ணி உட்காரும் விதமே தனி. இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே கோத்து, எதையும் தொடாமல் உட்காருவார். தியேட்டரில் கை கழுவியபின் அப்படித்தான் நிற்க வேண்டுமாம்.

இரண்டாவது வாரம் சனிக்கிழமை ஆம்புலன்ஸ்காரர் ஆரம்பித்தார். “டீச்சர், மழை ஏன் ஸ்ட்ராங்கா இருக்கக் கூடாது? நேத்து பெஞ்ச மழையில என் வண்டிக் கண்ணாடியே தெரியல. அதைவிட ஸ்ட்ராங்கா என்ன இருக்கு?”

“கூடாதுன்னா கூடாது. காரணம் கிடையாது.”

“காரணமே இல்லாம எப்படி டீச்சர் மனசுல நிக்கும்?”

ஓரத்திலிருந்து அண்ணி மெல்லச் சொன்னார். “நமக்கு மட்டும் என்ன காரணம் இருக்கு? பசி எடுக்குதுங்கறோம். தூக்கம் வருதுங்கறோம். தூக்கம் எடுக்குதுன்னு யார் சொல்றா?”

“அதானே! வீட்ல போய் அப்படிச் சொன்னா என்னையே ஆம்புலன்ஸ்ல ஏத்திடுவாங்க” என்றார் அவர். வகுப்பே சிரித்தது.

எனக்குப் பூரிப்பு. நான் பத்து நிமிடம் விளக்க வேண்டியதை அண்ணி ஒரே மூச்சில் சொல்லிவிட்டாரே என்று. ஆர்வக்கோளாறில், “சரி, அதையே இங்கிலீஷ்ல சொல்லுங்க” என்றேன்.

அண்ணி என்னைப் பார்த்தார். வாய் அசையவில்லை. கை நெஞ்சுக்கு நேரே கோத்தபடி இருந்தது. நான் காத்திருந்தேன். மற்ற பத்துப் பேரும் காத்திருந்தார்கள். ஏசி மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

“போன வாரம் குடுத்த ஜோடியில ஒண்ணாவது சொல்லுங்க. ஒண்ணே ஒண்ணு.”

அண்ணி குனிந்து தன் கோத்த விரல்களைப் பார்த்தார்.

“எத்தனை தடவை சொல்லித் தர்றேன்! வாயைத் திறக்கறதுல என்ன கஷ்டம்? எழுதிக் குடுத்தும் படிக்கலேன்னா நான் என்னதான் பண்றது?” என்று கத்திவிட்டேன். அறுபது ஜோடித் தாளை மேசையில் ஓங்கி வேறு அடித்தேன். ஆம்புலன்ஸ்காரர் தன் நோட்டைப் பார்த்துக்கொண்டார். அண்ணி அந்தத் தாளை எடுத்து ஓரம் சேர்த்து, நேராக மடித்து, பைக்குள் வைத்துக்கொண்டார். அதுவே எனக்குப் போதும். அன்று இரவு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அடுத்த நாள் ஞாயிறு. சமையலறைத் தொட்டிக்குக் கீழே குழாய் ஒழுகியது. டிக்கெட் கவுன்ட்டரில் உட்காருகிற என் அண்ணன் தன்னைப் பெரிய பிளம்பர் என்று நினைத்துக்கொண்டிருப்பவன். தொட்டிக்கு அடியில் தலையை விட்டுப் படுத்துவிட்டான், இடுப்புக்குக் கீழேதான் வெளியே தெரிந்தது. பக்கத்தில் முக்காலி போட்டு அண்ணி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். காதுக்கும் தோளுக்கும் நடுவே போன், மறுமுனையில் அவருடைய வேலைத் தோழி. காலடியில் ஒரு வாளி நிறைய சாமான்.

அண்ணன் கையை மட்டும் வெளியே நீட்டினான். ஒன்றும் சொல்லவில்லை. அண்ணி வாளிப் பக்கம் திரும்பாமலே ஸ்பேனரை எடுத்து அவன் உள்ளங்கையில் பட்டென்று வைத்தார். கை உள்ளே போனது. கொஞ்ச நேரத்தில் மீண்டும் வந்தது. ஸ்பேனரை வாங்கிக்கொண்டு குழாய்க்குச் சுற்றும் வெள்ளை டேப். மறுபடி கை வந்தது, டார்ச். அடுத்த முறை கை வருவதற்கு முன்பே அண்ணி ஒரு பழைய துணியை எடுத்து நீட்டியிருந்தார். அண்ணன் அதைப் பிடித்த அடுத்த நொடி தண்ணீர் பீய்ச்சி அடித்தது.

இத்தனைக்கும் நடுவில் தோழியிடம், “ஆமா, அவளுக்குப் போன மாசமே சொன்னேன், கேக்கல” என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்தது.

நான் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். அண்ணி போனை வைத்ததும், “குழாய் வேலை உங்களுக்கு எப்படி அண்ணி தெரியும்?” என்று கேட்டேன்.

“எனக்கெங்க தெரியும்? அவருக்கே தெரியாது.”

“அப்ப எப்படி ஒவ்வொண்ணும் சரியா எடுத்துக் குடுத்தீங்க?”

“ஒண்ணு நடந்தா அடுத்தது என்ன வரும்னு தெரியாதா? திருகி எடுத்தா சுத்தணும். சுத்தினா வெளிச்சத்துல பாக்கணும். இவர் வேலை பாத்தா தண்ணி வரும்.”

தொட்டிக்கு அடியிலிருந்து, “கேக்குது, கேக்குது” என்று அண்ணன் குரல் வந்தது.

“தியேட்டர்லயும் இப்படித்தானா? எது எதுக்கு அப்புறம் எதுன்னு மனப்பாடம் பண்ணி வெச்சிருக்கீங்களா?”

“மனப்பாடமா?” அண்ணி சிரித்தார். “ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் ஒரு தட்டு இருக்கு. பித்தப்பைக்கு ஒண்ணு, எலும்புக்கு ஒண்ணு, கண்ணுக்கு ஒண்ணு. எது எது சேந்து இருக்கணும்னு கைக்கே தெரியும். எலும்புத் தட்டுல கண்ணுக் கத்தரி இருந்தா பாத்ததுமே உறுத்தும். காரணம் கேட்டா சொல்லத் தெரியாது. உறுத்தும், அவ்வளவுதான்.”

எனக்கு மண்டையில் உறைத்தது. அந்த உறுத்தலுக்குத்தான் நான் பதினோரு வருடமாகப் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் என் பட்டியல் அகர வரிசையில் இருந்தது. பித்தப்பைக் கருவியையும் கண் கருவியையும் ஆங்கில எழுத்து வரிசையில் அடுக்கிக் கொடுத்துவிட்டு, ஏன் எடுக்கத் தெரியவில்லை என்று கத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

அன்று மதியம் கத்தரிக்கோலை எடுத்தேன். ஆயிரத்து நானூறு ஜோடியையும் தனித்தனிச் சொல்லாக வெட்டினேன். மனசு அடித்துக்கொண்டது, உண்மையைச் சொல்கிறேன், பெற்ற பிள்ளையை வெட்டுகிற மாதிரி இருந்தது. பிறகு வீட்டிலிருந்த சாப்பாட்டுத் தட்டுகளை எல்லாம் தரையில் பரப்பி, நடப்பது எதுவோ அதன்படி பிரித்துப் போட்டேன். ஒரு நோயாளி வருகிறார், ஒரு தட்டு. ஒரு மீட்டிங் நடக்கிறது, ஒரு தட்டு. சண்டை வந்து சமாதானம் ஆகிறது, ஒரு தட்டு. அந்தத் தட்டில் ‘லூஸ்’ என்ற சீட்டும் ‘டெம்பர்’ என்ற சீட்டும் பக்கத்தில் பக்கத்தில் விழுந்தன. கோபத்தில் நிதானம் இழப்பதற்கான ஜோடி. அதைப் பார்த்ததும் எனக்கு வெட்கமாக இருந்தது. ராத்திரி சாப்பிடத் தட்டு இல்லாமல் அண்ணன் வாணலியிலேயே சாப்பிட்டான்.

திங்கள்கிழமை தட்டுகளை ஐந்தாவது மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அண்ணியை நடுவில் உட்காரவைத்து, முன்னால் மீட்டிங் தட்டை வைத்தேன்.

“நான் இங்கிலீஷ்ல ஒரு விஷயம் சொல்லிட்டே வருவேன். எங்க நிறுத்திக் கை நீட்டறேனோ அங்க என்ன சீட்டு வேணுமோ அதைக் குடுங்க. பேசவே வேணாம்.”

மேனேஜர் எல்லோரையும் கூப்பிட்டு ஒரு மீட்டிங்கை, என்று ஆங்கிலத்தில் சொல்லிக் கையை நீட்டினேன். பட்டென்று உள்ளங்கையில் விழுந்தது ‘ஹோல்ட்’. ஒருவர் எழுந்து ஒரு கேள்வியை... ‘ரெய்ஸ்’. எல்லோரும் கவனத்தை... ‘பே’. கடைசியில் ஒரு முடிவை... ‘மேக்’. சீட்டை வைக்கும்போது அண்ணி சத்தம் கேட்க வைத்தார், அப்போதுதான் வாங்குகிறவர் குனிந்து பார்க்க வேண்டியிருக்காதாம். தட்டை மாற்றினேன். மறுபடி மாற்றினேன். நாற்பது முறை கை நீட்டினேன். நாற்பதும் சரி.

எக்ஸ்ரே அக்கா கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். “இவ்வளவும் உள்ள வெச்சுக்கிட்டா சும்மா இருந்தீங்க?”

அன்றிலிருந்து வகுப்பே மாறிவிட்டது. இரண்டு இரண்டு பேராக உட்கார்ந்து, ஒருவர் கதை சொல்லிக் கை நீட்டுவார், மற்றவர் சீட்டு வைப்பார். ஐந்தாவது மாடி முழுக்கப் பட் பட் என்று சத்தம். இரண்டே வாரத்தில் மழையை ஸ்ட்ராங் என்று யாராவது சொன்னால் ஆம்புலன்ஸ்காரரே முகத்தைச் சுளித்தார். எழுத்துக்கும் அண்ணியே வழி கண்டுபிடித்தார். வயிற்றைத் தைத்து மூடுவதற்கு முன் பஞ்சுத் துணிகளையும் கருவிகளையும் இரண்டு பேர் சத்தமாக எண்ணுவார்களாம், உள்ளே ஒன்றும் தங்கிவிடக் கூடாதே. அதே மாதிரி கட்டுரையை முடிக்கும் முன் ஒவ்வொரு வினைச்சொல்லாகத் தொட்டு, அதன் ஜோடி சரியாகப் பக்கத்தில் இருக்கிறதா என்று எண்ண ஆரம்பித்தார். எண்ணாமல் மூட மாட்டார். அவருடைய கட்டுரையில் என் சிவப்புப் பேனாவுக்கு வேலையே இல்லாமல் போனது.

ஆனால் பேச்சு? அது அப்படியே நின்றது. சீட்டை எடுத்துக் கொடுக்கச் சொன்னால் மின்னல். கதை சொல்லிக் கை நீட்டும் முறை வந்தால் கல். இடத்தை மாற்றி உட்காரவைத்தேன், வரவில்லை. பொம்மைக் கதை கொடுத்தேன், வரவில்லை. தேர்வுக்கு மூன்று வாரம்தான் இருந்தது.

ஒரு நாள் வீட்டில் சாப்பாட்டு மேசையில் முயன்றேன். “கை நீட்டுங்க அண்ணி. ‘ஐ ஹேவ் டு’ன்னு சொல்லிக் கையை நீட்டுங்க. மிச்சத்தை நான் வைக்கிறேன்.”

அவர் கையைத் தூக்கினார். பாதி வழியில் அது திரும்பி வந்துவிட்டது.

“ஐயோ, கை நீட்டறதுல என்ன அண்ணி இருக்கு? சின்னக் குழந்தைகூட நீட்டும்!” என்று கத்தினேன். இது இரண்டாவது.

அண்ணி கோபப்படவில்லை. தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தபடி சொன்னார். “எனக்கு அது வராதும்மா. அங்க நிக்க ஆரம்பிச்ச நாள்லேந்து நான் எடுத்துக் குடுக்கறவ. வீட்லயும் அப்படித்தான் ஆயிடுச்சு. யார்கிட்டயும் இது வேணும்னு கேட்டு எனக்குப் பழக்கமே இல்ல. வாயில வார்த்தை இல்லாம இல்ல. கேக்கறதுக்குத் தைரியம் இல்ல.”

அண்ணன் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டான். நான் யோசித்துப் பார்த்தேன். கல்லூரியில் நான் பரீட்சைக்கு விழித்திருந்த நாட்களில் கேட்காமலே என் மேசைக்கு டீ வந்திருக்கிறது. மழை நாளில் வாசலில் குடை காத்திருக்கும். அண்ணி எங்களிடம் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு நான் பார்த்ததில்லை. நாங்களும் கொடுத்ததில்லை. என் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது, அதை மறைக்க நான் ரசத்தைக் கிண்டிக்கொண்டிருந்தேன்.

அடுத்த வகுப்பில் அண்ணியை மீட்டிங் மேசையின் தலைப்பக்கம் நிற்கவைத்தேன். “இன்னிக்கு நீங்கதான் பெரிய டாக்டர். நாங்க பத்துப் பேரும் உங்க நர்ஸுங்க. நீங்க கை நீட்டற வரைக்கும் யாரும் வீட்டுக்குப் போகப் போறதில்ல.”

வலது பக்கத்தில் தட்டோடு ஆம்புலன்ஸ்காரர் நின்றார். அண்ணியின் கை நெஞ்சுக்கு நேரே கோத்திருந்தது. ஒரு நிமிடம் போனது, இரண்டு போனது. எக்ஸ்ரே அக்கா ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு கோத்த விரல்கள் பிரிந்தன. வலது கை மெதுவாக, மிக மெதுவாக வெளியே வந்து உள்ளங்கையைத் திறந்தது.

“வீ ஹேவ் டு...” என்றார் அண்ணி. குரல் உள்ளுக்குள்ளேயே இருந்தது. “டிசிஷன்.”

ஆம்புலன்ஸ்காரர் தட்டில் தடவி ஒரு சீட்டை எடுத்துப் பட்டென்று வைத்தார். அண்ணி பார்த்தார். ‘டூ’, அதாவது ‘செய்’, என்றிருந்தது.

அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். முதலில் சுளித்தது. பிறகு சிவந்தது. அந்தச் சீட்டை மேசை மேல் விட்டெறிந்தார்.

“நோ! நாட் திஸ்! வீ மேக் எ டிசிஷன். நோபடி டஸ் எ டிசிஷன். வீ ஆர் லூசிங் டைம், த பேஷன்ட் இஸ் வெயிட்டிங், ஆர் யூ ஸ்லீப்பிங்? பே அட்டென்ஷன்!”

அறை ஆடிப்போனது. ஆம்புலன்ஸ்காரர் தட்டோடு ஒரு அடி பின்னால் போய், “எஸ் டாக்டர்” என்றார். அண்ணி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். அடுத்த நொடி அந்த அறையில் எழுந்த சத்தத்தை என்னால் எழுத முடியாது. கைதட்டல், சிரிப்பு, மேசையைத் தட்டுவது. நான் அழுதுகொண்டே கைதட்டினேன்.

“பெரிய டாக்டர் அப்படித்தான் கத்துவார்” என்றார் அண்ணி, மூச்சு வாங்க. “என்னை இல்ல, புதுசா வர்றவங்களை. இத்தனை வருஷக் கத்தலும் என் காதுக்குள்ளதான் இருந்திருக்கு!”

தான் வேண்டுமென்றேதான் தப்பான சீட்டைக் கொடுத்ததாக ஆம்புலன்ஸ்காரர் இன்றுவரை சத்தியம் செய்கிறார். ஒருவரும் நம்புவதாக இல்லை.

அதற்கப்புறம் அண்ணியை நிறுத்தத்தான் ஆள் தேவைப்பட்டது. கை நீட்டினால் வார்த்தை வந்தது. யாரும் சீட்டு வைக்காவிட்டாலும் வந்தது. பேருந்தில், மாடிப்படியில், துணி காயப்போடும்போது கையை நீட்டிக்கொண்டு ஆங்கிலத்தில் வாக்கியம் சொல்லிக்கொண்டிருந்தார். பேருந்தில் ஒரு அம்மாள் சில்லறை என்று நினைத்துப் பையைத் துழாவினார்.

தேர்வு நாளில் நானும் உடன் போனேன். தேர்வறைக் கதவில் முகத்தளவுக்கு ஒரு கண்ணாடி இருந்தது. வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள், நான் உட்காரவில்லை. உள்ளே வழுக்கைத் தலையோடு ஒரு தேர்வாளர், எதிரே அண்ணி. சத்தம் வெளியே கேட்காது. தேர்வாளர் ஏதோ கேட்டார். அண்ணி பேசவில்லை. நீட்டுங்க அண்ணி, நீட்டுங்க என்று கதவோடு முணுமுணுத்தேன்.

அண்ணியின் வலது கை மேசை மேல் வந்து உள்ளங்கையைத் திறந்தது.

தேர்வாளர் அந்தக் கையைப் பார்த்தார். அண்ணியைப் பார்த்தார். மறுபடி கையைப் பார்த்தார். பிறகு, என்ன நினைத்தாரோ, தன் பேனாவை அதில் வைத்தார்.

செத்தோம் என்று நினைத்தேன். அண்ணி பேனாவைப் பார்த்தார். அதைத் திருப்பித் தேர்வாளரின் பக்கத்திலேயே வைத்தார். வாய் திறந்தது. அதன் பிறகு மூடவே இல்லை. தேர்வாளர் முதலில் நிமிர்ந்து உட்கார்ந்தார், பிறகு முன்னால் சாய்ந்தார், பிறகு எழுதுவதை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். பன்னிரண்டு நிமிடம் என்று குறித்திருந்த தேர்வு பத்தொன்பது நிமிடம் ஓடியது.

திரும்பும்போது பேருந்தில் கேட்டேன். “பேனாவைக் குடுத்தாரே, என்ன சொன்னீங்க?”

“நாட் திஸ், தேங்க் யூ சார்னு சொன்னேன்.”

“கேள்வி என்ன?”

“வேலையில நீங்க எடுத்த கஷ்டமான முடிவு ஒண்ணைப் பத்திச் சொல்லுங்கன்னு கேட்டார்.” அண்ணி ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னார். “ஒரு தடவை எண்ணும்போது பஞ்சுத் துணியில ஒண்ணு குறைஞ்சுது. அன்னிக்கு அவசரம், பெரிய டாக்டர் மூடணும்னு ஊசிக்குக் கை நீட்டிட்டார். நான் குடுக்கல.”

“குடுக்கலயா?”

“கை நீட்டிக்கிட்டே நின்னார். நானும் ஊசியப் பிடிச்சுக்கிட்டே நின்னேன். வாயைத் திறந்து சொல்ல வரல, குடுக்காம நின்னேன், அவ்வளவுதான். அப்புறம் அவரே புரிஞ்சுக்கிட்டுத் தேடினார். உள்ளதான் இருந்துது.”

எட்டு வருடத்துக்கு முன் நடந்ததாம். எங்களிடம் சொன்னதே இல்லை. தேர்வறையில்தான் முதல் முறையாகச் சொல்லியிருக்கிறார், அதுவும் ஆங்கிலத்தில். ‘ஐ மேட் எ டிசிஷன். ஐ கெப்ட் காம். ஐ டிட் நாட் கிவ் த நீடில்.’ பேருந்தில் அதை எனக்கு அப்படியே திருப்பிச் சொல்லிக் காட்டினார். மூன்று வாக்கியம், ஒரு ஜோடி பிசகவில்லை. நான் அவர் தோளில் சாய்ந்துகொண்டேன்.

முடிவு வந்தது ஒரு வகுப்பு நாளில். பதினோரு போனும் ஒரே நேரத்தில் மேசை மேல் அதிர்ந்தன. அண்ணி தன் போனை எக்ஸ்ரே அக்காவிடம் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். எக்ஸ்ரே அக்கா படித்தார். எழுத்தில் பி. பேச்சில் ஏ. பதினோரு பேரில் பேச்சில் ஏ வாங்கியது ஒரே ஆள்தான். ஆம்புலன்ஸ்காரர் வண்டி சைரன் மாதிரியே வாயால் கத்தினார், நான்காவது மாடியிலிருந்து செக்யூரிட்டி ஓடி வந்தார்.

மறுநாள் காலை அண்ணி தியேட்டரில் தன் இடத்தில் நின்றார். பெரிய டாக்டர் உள்ளே வந்ததும், “குட் மார்னிங் டாக்டர், வீ ஆர் ரெடி டு ஸ்டார்ட்” என்றாராம். யார் பேசியது என்று அவர் அறை முழுக்கத் தேடினாராம்.

அன்று சாயங்காலம் அண்ணி வீட்டுக்கு வந்து, பையை மாட்டிவிட்டு, சமையலறைக்குப் போகவில்லை. கூடத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நானும் அண்ணனும் டிவி பார்த்துக்கொண்டிருந்தோம். அண்ணி ஒன்றும் சொல்லாமல் வலது கையை எங்கள் பக்கம் நீட்டி உள்ளங்கையைத் திறந்தார்.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழுந்து முட்டிக்கொண்டோம். அண்ணன் முதலில் ஓடிப்போய் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொண்டுவந்து அந்தக் கையில் வைத்தான்.

அண்ணி அதைப் பார்த்தார். “நாட் திஸ்” என்று திருப்பிக் கொடுத்தார்.

அண்ணன் மறுபடி ஓடினான். இந்த முறை அடுப்பு பற்றவைக்கும் சத்தம் கேட்டது, பாத்திரம் ஒன்று கீழே விழுந்தது, பால் பொங்கி வழிந்த வாசம் வந்தது. நான் எழுந்து உதவப் போனேன், அண்ணி கண்ணாலேயே உட்கார் என்றார். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. கடைசியில் அண்ணன் இரண்டு கையாலும் டீயைப் பிடித்துக்கொண்டு வந்து, சத்தம் கேட்க அந்த உள்ளங்கையில் வைத்தான்.

அண்ணி ஒரு வாய் குடித்தார். சர்க்கரை போட மறந்திருந்தான். அதையும் திருப்பி அனுப்பினார்.